வெள்ளித் திரையில் நம்மவர்

“படம் எப்படி?” என்று ஒருவர் கேட்க, “பரவாயில்லை” என்று மற்றவர் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டு நகர்வது நம்மவர் வழக்கம். கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது நாம் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறோம். காம்பு வாடியிருந்தால் ஒதுக்குகிறோம். சொத்தை கண்டால் கடைக்காரருடன் வழக்காடுகிறோம். வயிற்றுக்குப் போகும் பொருளுக்குக் காட்டும் இந்தக் கவனத்தில் பாதியையாவது, நம் மக்களின் மனத்துக்குள் போகும் பொருளுக்கும் காட்டினால் என்ன என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தமிழகத்தில் வாழ்வோரைக் காட்டிலும் நமக்கு இந்தக் கவனம் மிகுதியாக வேண்டியிருக்கிறது. டோம்பிவிலியிலிருந்து மும்பை சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். குடும்பத் தலைவர் விடிந்தும் விடியாததுமாகப் புறப்பட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். பல வீடுகளில் இல்லத்தரசியும் அவ்வாறே வேலைக்குச் செல்கிறார். பிள்ளைகள் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ பாடம் படிக்கிறார்கள்; தமிழ் பேசுவார்கள்; எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் தயங்குவார்கள். அப்படியிருக்க, நம் வீட்டில் தமிழாசிரியர் யார் என்று யாரேனும் கேட்டால், கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கும். அந்த ஆசிரியர் மொழியை மட்டும் கற்பிப்பதோடு நின்றுவிடுவதில்லை. தமிழன் என்பவன் எப்படி இருப்பான், பிழைக்க வந்த ஊரில் அவனுக்கு என்ன மதிப்பு என்பதையும் சேர்த்தே கற்பித்துவிடுகிறார். ஆகவே அந்த ஆசிரியரை நாம் சற்றே பரீட்சை செய்து பார்ப்பது தகும்.

பரீட்சைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? நாம் ரெயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். பயணச்சீட்டுகளுக்கும் பதிவேடுகளுக்கும் நடுவே பொழுது கழிப்பவர். நமக்குத் தோன்றும் அளவுகோலும் அதற்கேற்றதாகவே இருக்கும். திரையில் ஒரு மும்பைத் தமிழன் தோன்றியவுடன் நாம் கேட்பது இது: “இந்த மனிதன் காலையில் எந்த ரெயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறான்?” கேள்வி எளியது. ஆனால் அதற்குள் அவன் தொழில், கூலி, குடியிருக்கும் இடம், உடன் நிற்கும் மனிதர், வீடு திரும்பும் நேரம் யாவும் அடங்கியிருக்கின்றன. கதாசிரியருக்கு இவை தெரிந்திருந்தால் அவருக்கு அந்த மனிதனைத் தெரியும். இல்லையேல் வேஷ்டி சட்டையை மட்டுமே அவர் கண்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.

இந்தித் திரையின் மதராஸி

முதலில் இந்திப் படங்களை எடுத்துக்கொள்வோம். 1966-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது, அலுவலகங்களில் தட்டெழுத்தாளராகவும் குமாஸ்தாவாகவும் தென்னிந்தியர் நிறைந்திருக்கிறார்கள் என்பது அவ்வியக்கம் எழுப்பிய பெருங்குறைகளுள் ஒன்று. வீதியில் பேசப்பட்ட தென்னாட்டான் மேஜை நாற்காலியில் அமர்ந்து வேலை செய்தவன். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1968-இல், ‘படோசன்’ என்ற இந்திப் படம் வெளியாயிற்று. அதில் மெஹ்மூத் ஏற்ற பாத்திரம் குடுமி வைத்த சங்கீத ஆசிரியர் பிள்ளை. மெஹ்மூத் பெருங்கலைஞர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவருக்காக மன்னா டேயும், தமக்காகவே கிஷோர் குமாரும் குரல் கொடுத்த அந்தப் பாட்டுப் போட்டியை இன்றும் கேட்டுச் சிரிக்கலாம். ஆயினும் முறையாகச் சங்கீதம் கற்றவர் தோற்க வேண்டும், அவரது உச்சரிப்பே அவருக்குப் பகையாக வேண்டும் என்பது கதை இட்ட கட்டளை. வீதி குறைகூறிய குமாஸ்தா திரையில் இல்லை. அவருக்குப் பதிலாக நகைக்கத்தக்க ஒருவர் நின்றார்.

1981-இல் கே. பாலசந்தர் தமது தெலுங்குப் படமான ‘மரோ சரித்ரா’வை இந்தியில் ‘ஏக் தூஜே கே லியே’ என்று எடுத்தார். கதை கோவாவில் நடக்கிறது. கமல்ஹாசன் ஏற்ற வாசு என்ற தமிழ் இளைஞனுக்கு இந்தி வராது. வராமையை மறைக்காமல், அவன் தமிழிலேயே பேசித் தவித்து, காதலின் பொருட்டு இந்தியைக் கற்கிறான். அவனுக்குப் பின்னணி பாடிய எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அப்படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. மொழி தெரியாமல் வந்து இறங்கி, ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் திகைத்து நின்ற நம் பெற்றோர், வாசுவிடத்தில் தம்மைக் கண்டிருப்பார்கள். முடிவு சோகமானது, ஆனால் அவன் கேலிப்பொருளாக இல்லை.

நிற்க. 1990-இல் வந்த ‘அக்னிபத்’ படத்தில் மிதுன் சக்ரவர்த்தி ஏற்ற பாத்திரத்தின் பெயர் கிருஷ்ணன் ஐயர், எம்.ஏ. தொழில், இளநீர் விற்பது. நல்லவன், துணிந்தவன், உயிர் கொடுக்கும் தோழன். பட்டம் பெற்றவன் இளநீர் சீவுகிறான் என்பதில் ஒரு பெரிய கதை புதைந்துகிடக்கிறது. அவனுக்கு ஏன் அலுவலக வேலை கிடைக்கவில்லை? ஊரில் யார் இருக்கிறார்கள்? படம் இவற்றைக் கேட்கவில்லை; ‘எம்.ஏ.’ என்ற இரண்டு எழுத்துகளைச் சிரிப்புக்காகவே வைத்துக்கொண்டது. 2012-இல் அதே கதையை மீண்டும் எடுத்தபோது அந்தப் பாத்திரத்தையே நீக்கிவிட்டார்கள்.

ஆனால் பெயர் மட்டும் பிழைத்துவிட்டது! 2008-இல் தொடங்கி நாலாயிரம் பகுதிகளைக் கடந்துவிட்ட ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’ தொடரில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரும் கிருஷ்ணன் ஐயரே. இளநீர் வியாபாரி விஞ்ஞானியாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறார். அவரது நிறத்தைப் பற்றிய கேலி மட்டும் பதவி உயர்வு பெறவில்லை. தாராவியிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் சுடலைமுத்துவும் அந்தோணியும் அப்துல் காதரும் தங்கப்பழமும் வாழ்கிறார்கள். இந்தி எழுத்தாளர்களின் பட்டியலிலோ, தலைமுறைகள் கடந்தும் ஒரே பெயர்தான் இருக்கிறது.

2013-இல் வந்த ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ நம் தொழிலைத் தொடும் படம் ஆகையால் அதைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். நாயகன் மும்பையில் சென்னை வண்டியில் ஏறி, கல்யாணில் இறங்கி நண்பர்களோடு போய்விடலாம் என்று எண்ணுகிறான். இது வரையில் சரி. அதன்பின் கதை காட்டும் வழியை எந்தக் கால அட்டவணையிலும் காண முடியாது. மும்பையிலிருந்து சென்னை செல்லும் வண்டி புனே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா, அரக்கோணம் என்று செல்லும். படத்திலோ, கோவாவின் எல்லையில், காசில்ராக்குக்கும் குலேமுக்கும் இடையே விழும் தூத்சாகர் அருவியின் அருகே வண்டி நிற்கிறது! அருவி அழகியது, ஒளிப்பதிவும் அழகியது. ஆயினும் வண்டி எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காதவர்கள், அது சேருமிடத்து மனிதர்களையும் பார்க்க மாட்டார்கள். நாம் அஞ்சியபடியே, வண்டி சேர்ந்த கிராமத்தில் ஆண்கள் அனைவரும் அரிவாளோடு திரிகிறார்கள். கற்ற தொழிலாக ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

“இது வேடிக்கைப் படம்; இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?” என்று சிலர் கேட்கலாம். அதற்கு மறுமொழியாக, நமது கட்டடத்தில் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். அந்தப் படம் வந்த புதிதில், ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு தமிழ்ச் சிறுவன் பள்ளி ஆண்டு விழாவில் ‘மதராஸி இந்தி’ பேசி நடித்தான். ஒரே கைத்தட்டல், பரிசும் கிடைத்தது. பார்வையாளர் வரிசையில் அவனுடைய ஆச்சியும் இருந்தார். பேரன் பரிசு வாங்கியதில் அவருக்குப் பெருமையே. இரவு சாப்பாட்டுக்குப் பின் அவர் மெல்லக் கேட்டாராம்: “ஏலே, நான் பேசுறது அப்படியாலே இருக்கு?” சிறுவன் பதில் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்த இந்தியைக் கொண்டே காய்கறி வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, கணவரின் ஓய்வூதியத்துக்காக அலுவலகம் ஏறி இறங்கிய அம்மையார் அவர். அடுத்த சில நாட்கள் பால்காரரிடம் பேசவும் பேரனையே அனுப்பினார் என்று அவர் மருமகள் நம் இல்லத்தாரிடம் கூறி வருந்தினார்.

நம்மைக் கண்டு பிறர் சிரிக்கலாகாது என்று நாம் வாதிடவில்லை. நமது நகைச்சுவை நடிகர்கள் நம்மை வைத்துச் சிரிக்காத நாள் உண்டா? ஒருவனுடைய நாள் முழுவதையும் அறிந்து சிரிப்பது ஒரு வகை. அவன் வாய் திறந்ததும் சிரிப்பது இன்னொரு வகை. இரண்டாம் வகை, ஆச்சிமார்களை மௌனமாக்கிவிடும்.

தமிழ்த் திரையின் பம்பாய்

சரி, பிறர்தாம் அறியவில்லை. நம் மொழிப் படங்கள் நம்மை அறிந்திருக்கின்றனவா?

இதில் முதலிடம் 1987-இல் மணிரத்னம் இயக்கிய ‘நாயகன்’ படத்துக்கே. தாராவியைச் சென்னை ஸ்டூடியோவிலேயே எழுப்பிக் காட்டிய தோட்டா தரணிக்கும், ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கும், நடிகர் கமல்ஹாசனுக்கும் அப்படம் தேசிய விருதுகளைப் பெற்றுத் தந்தது. வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது என்று பரவலாகக் கூறப்படும் கதை. தந்தையைப் பறிகொடுத்த சிறுவன் வேலு பம்பாய்க்கு ஓடிவருவது தொடங்கி, முதியவனாகி வீழ்வது வரை, ஒரு மனிதன் வயதாவதைக் கண்முன்னே காண்கிறோம். அவனைப் போற்றுவதா தூற்றுவதா என்று படம் நமக்குச் சொல்லித்தரவில்லை. நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது அவனுக்கே விடை தெரியவில்லை. இத்தகைய நேர்மை நம் திரையில் அரிது.

நமது குறை அப்படத்தின் மீது அன்று. அதன் வெற்றி பெற்ற பிள்ளைகளின் மீது. ‘நாயகன்’ வந்த பிறகு, தமிழ்ப் படத்தில் ஒருவன் பம்பாய்க்குப் போனான் என்றால் கைத்துப்பாக்கி எடுக்கத்தான் போனான் என்றாகிவிட்டது. 1995-இல் ‘பாட்ஷா’, 2013-இல் ‘தலைவா’, 2014-இல் ‘அஞ்சான்’ என்று வரிசை நீண்டது. 2022-இல் கௌதம் மேனன் இயக்கி, ஜெயமோகன் கதை எழுதிய ‘வெந்து தணிந்தது காடு’ நமக்குப் பெரும் நம்பிக்கை அளித்தது. தென்பாண்டிச் சீமையின் வறண்ட ஊரிலிருந்து முத்து என்ற இளைஞன் மும்பைக்கு வந்து பரோட்டாக் கடையில் வேலைக்குச் சேருகிறான். மாவு பிசைவது, கடையிலேயே படுத்துறங்குவது, ஊருக்குப் பேசுவது என்று முற்பகுதி மிகவும் தத்ரூபமாக அமைந்திருக்கிறது. மும்பையின் எத்தனையோ உணவு விடுதிகளில் இத்தகைய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கடையும் கூலிப்படையின் திரையாகவே முடிகிறது. முத்துவின் கையிலும் துப்பாக்கி ஏறிவிடுகிறது. பரோட்டாக் கடைப் பையன் பரோட்டாக் கடைக்காரனாகும் கதையில் சுவை இருக்காது என்று எவர் தீர்மானித்தார்கள்?

1995-இல் வந்த மணிரத்னத்தின் ‘பம்பாய்’, 1992–93 கலவரங்களைத் தீரத்தோடு தொட்ட படம். இந்து இளைஞனும் முஸ்லிம் பெண்ணும் ஊரை விட்டு வந்து இந்நகரில் குடித்தனம் நடத்துகிறார்கள். கலவரத்தில் இரட்டைப் பிள்ளைகளைத் தொலைத்துத் தேடுகிறார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் விருது அப்படத்துக்கு வழங்கப்பட்டது. பிள்ளைகள் எரியும் வீதியில் நிற்கும் காட்சிகளை, அந்நாட்களை இங்கே கழித்த நம் பெரியவர்கள் இன்றும் முழுவதும் பார்க்க மறுக்கிறார்கள். அதுவே படத்துக்குச் சான்று. குறை ஒன்று கூறலாம்: நகரமே தமிழ் பேசுகிறது. மராத்தியரும் உருது பேசுவோரும் கூடி வாழும் சாலில், மொழி தெரியாமல் தவிப்பதும், தெரிந்த நாலு சொல்லால் நட்புக் கொள்வதும் அன்றாட வாழ்க்கை. அந்தச் செல்வத்தைத் தமிழ்ப் பதிப்பு இழந்துவிட்டது.

2018-இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘காலா’, நமது அளவுகோலுக்கு மிக அருகில் வருகிறது. ரஜினிகாந்த் ஏற்ற கரிகாலன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் வேரூன்றியவர். தாராவித் தமிழரில் பெரும்பாலோர் அச்சீமையினர் என்பதும், தோல் பதனிடும் தொழிலுக்காக அவர்கள் முன்னோர் வந்தார்கள் என்பதும் வரலாறு. நிலத்தைப் பறிக்க வருவோரை எதிர்த்து, தாராவி மக்கள் ஒருவரும் வேலைக்குப் போகாமல் நிற்க, மும்பை நகரமே ஸ்தம்பித்துப் போகிறது. இவர்கள் எந்த ரெயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறார்கள் என்ற நமது கேள்விக்கு, போகாமல் இருந்து விடை சொல்லும் காட்சி அது!

அப்படத்தில் ஈஸ்வரி ராவ் ஏற்ற செல்வி என்ற மனைவி பாத்திரத்தை நாம் தனியே பாராட்ட வேண்டும். கணவரின் பழைய காதலி திரும்பி வந்தபோது, தமக்கும் ஊரில் ஒருவன் இருந்தான் என்று கூறி, திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லும் இடத்தில் அரங்கமே அதிர்ந்தது. அந்தப் பேச்சில் திருநெல்வேலி மணக்கிறது. நம் வீட்டுப் பெரியம்மாக்கள் பேசுவது அப்படித்தான். ஆயினும் பிற்பகுதியில் காலாவும் கைகளால் பத்துப் பேரை வீழ்த்த வேண்டியவராகிறார். நட்சத்திர நடிகருக்கு அது செலுத்த வேண்டிய வரி போலும்.

சின்னத் திரையில்

இனி வீட்டுக்குள் வருவோம். தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாநில மொழிப் படங்களுள் தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருந்ததை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின், அந்தப் பஞ்சம் வெள்ளமாக மாறியது.

பஞ்ச காலத்தின் இரண்டு தொடர்களை இன்றும் தேடிப்பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ ஒன்று. 1986–87-ஆம் ஆண்டுகளில், கர்நாடகத்து ஆகும்பேயில் எடுக்கப்பட்டது. பேசும் மொழி இந்திதான். ஆயினும் சுவாமி என்ற சிறுவனும் அவன் தந்தையும் பாட்டியும் கேலிக்காக அன்றி, மனிதர்களாக வாழ்கிறார்கள். தென்னாட்டாரை இந்தியில் கண்ணியமாகக் காட்ட இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. மற்றொன்று, நாராயணின் தம்பியான ஆர்.கே. லட்சுமணின் பாத்திரங்களைக் கொண்டு 1988-இல் வந்த ‘வாக்லே கீ துனியா’. மைசூரில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தவரான லட்சுமண், பம்பாய்ப் பத்திரிகையில் அரை நூற்றாண்டு கேலிச்சித்திரம் வரைந்தவர். அவர் கண்ணால் கண்ட மராத்திய நடுத்தர மனிதர் வாக்லே. பஸ், சம்பளம், மனைவியின் மனக்குறை, அண்டை வீட்டார் என்று அவர் உலகம் சிறியது. நம் அனைவருடையதும் அத்தகையதே. மராத்தியரை ஒரு தமிழர் அவ்வளவு பரிவோடு கண்டார். நம்மை அவ்வாறு கண்டவர் யார் என்ற ஏக்கம் இங்கேயும் எழுகிறது.

வெள்ள காலத்துத் தொடர்களுள், 2002 முதல் 2005 வரை ஓடிய திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யைக் குறிப்பிட வேண்டும். ஐந்து பெண்களைக் கரையேற்றும் தந்தையின் கதை. அழுகை மிகுதிதான், ஆயினும் சீர்வரிசைக் கணக்கும் சம்பந்தி வீட்டு மரியாதையும் நம் வீடுகளில் நடப்பவையே. தந்தையின் சட்டைப் பையில் எவ்வளவு பணம் இருக்கும் என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பின் வந்த எத்தனையோ தொடர்களில், பெரிய பங்களாவில் பட்டுடுத்திய மனிதர்கள் காலை முதல் இரவு வரை ஒருவருக்கு எதிராக ஒருவர் சூழ்ச்சி செய்கிறார்கள். வேலைக்கு எப்போது போகிறார்கள் என்றே தெரியவில்லை. 2022 முதல் 2024 வரை வந்த திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’, படித்த மருமகள்களை அடக்கியாளும் குணசேகரனைக் காட்டி நல்லதோர் கேள்வியை எழுப்பியது. அவ்வேடம் ஏற்ற மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபோது நாமும் வருந்தினோம். அவர் திறமைக்குத் தலைவணங்கும் அதே வேளையில், அடக்குபவனின் வசனத்தையே நம் பிள்ளைகள் வேடிக்கையாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கியதையும், எதிர்த்து நின்ற பெண்களின் சொற்களை எவரும் மனப்பாடம் செய்யாததையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

2021 ஜூனில் இணையவழி வெளியான ‘தி ஃபேமிலி மேன்’ இரண்டாம் பகுதியை நம் இளைஞர்கள் ஒரே இரவில் பார்த்து முடித்தார்கள். ஈழத் தமிழ்ப் போராளிகளைச் சித்திரித்த விதத்தை எதிர்த்து, தமிழக அரசு அதற்கு முந்திய மாதமே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. 2009-இன் துயரம் ஆறாத மக்களை வில்லன் கூட்டமாக வைத்துப் பரபரப்பு ஊட்டுவது நமக்கும் உவப்பானதன்று. ஆயினும் பார்க்காமல் கண்டிப்பது விமர்சகனுக்கு அழகல்ல. ரவீந்திர விஜய்யும் தேவதர்ஷினியும் ஏற்ற சென்னை அதிகாரிகள், வடக்கிலிருந்து வந்தவரின் அறியாமையைத் தமிழிலேயே எள்ளி நகையாடுகிறார்கள். ‘அக்னிபத்’ நாட்களிலிருந்து பார்த்தால் இது நெடுந்தூரம். நாயகனின் மனைவி சுசித்ராவும் தமிழ்ப் பெண். மும்பையில் வேலைக்குச் செல்பவர். அவர் பிள்ளைகளுக்கு எத்தனை தமிழ் தெரியும் என்று தொடர் நின்று பார்ப்பதில்லை. அது நம் வீட்டுக் கேள்வி ஆகையால் நாம் பார்க்கிறோம்.

டோம்பிவிலியிலிருந்து ஒரு வண்டி

நமது அளவுகோலுக்கு முழு மதிப்பெண் பெற்ற படம் ஒன்று உண்டு. அது தமிழும் அன்று, இந்தியும் அன்று, மராத்தி. 2005-இல் நிஷிகாந்த் காமத் இயக்கிய ‘டோம்பிவிலி ஃபாஸ்ட்’. தலைப்பிலேயே ரெயில் இருக்கிறது! சந்தீப் குல்கர்ணி ஏற்ற மாதவ் ஆப்டே ஒரு வங்கி ஊழியர். நம் ஊரில் குடியிருப்பவர். நாம் ஏறும் வண்டியில் ஏறுபவர். லஞ்சம் வாங்கார், கொடார். அதனால் வெளியிலும் தொல்லை, வீட்டிலும் தொல்லை. ஒரு நாள் அவரது பொறுமையின் நூல் அறுந்துவிடுகிறது. கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்து, அநீதி கண்ட இடமெல்லாம் அடித்து நொறுக்கத் தொடங்குகிறார். மராத்தியின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. சட்டத்தைக் கையில் எடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. படமும் அதற்கு அவரிடமிருந்து பெரும் விலையை வாங்கிக்கொள்கிறது. ஆனால் தினந்தோறும் நசுங்கி நிற்கும் ஒரு மனிதனுக்குள் என்ன சேருகிறது என்பதைத் திரையில் கண்டபோது, ஊரே தன் முகத்தைக் கண்டது.

இதே படத்தைக் காமத்தே 2007-இல் தமிழில் ‘எவனோ ஒருவன்’ என்று எடுத்தார். மாதவன் அந்த வங்கி ஊழியரின் வேடத்தையும், சங்கீதா மனைவி வேடத்தையும், சீமான் போலீஸ் அதிகாரி வேடத்தையும் ஏற்றார்கள். மாதவனின் நடிப்புத் திறமைக்கு அது நல்லதோர் சான்று. குளிர்பானத்துக்கு அச்சிட்ட விலைக்கு மேல் காசு கேட்கும் கடைக்காரரிடம் அவர் நியாயம் பேசும் காட்சியை எந்த ஊரிலும் பார்த்துத் தலையசைக்கலாம். ஆனால் கதை சென்னைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. தமிழ்ப் படம் சென்னையில்தானே நடக்க வேண்டும் என்பது வியாபார நியாயம். நாராயணின் ‘கைடு’ நாவலை 1965-இல் இந்தியில் எடுத்தபோது மால்குடியை ராஜஸ்தானுக்குத் தூக்கிச் சென்றதும் அதே நியாயத்தால்தான். நாராயணுக்கு அது கசந்தது.

நமக்குக் கசப்பில்லை, வியப்பு உண்டு. டோம்பிவிலி வண்டியில் ஆப்டேயின் பக்கத்தில் தோளோடு தோள் உரசி நின்றவர்களுள் தமிழரும் உண்டல்லவா? அந்த மனிதரைத் தமிழராக்க வேண்டுமானால் சென்னைக்கு மாற்றல் உத்தரவு போட வேண்டிய அவசியமே இல்லை. அதே வண்டியில், அதே பெட்டியில், ஓர் அடி தள்ளிக் காமிராவை வைத்திருந்தால் போதும். இந்தித் திரை நம்மைக் கோமாளியாகக் கண்டது. தமிழ்த் திரை தாதாவாகக் கண்டது. நடுவே, மாதச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, தவணை கட்டி வாழ்ந்த பல்லாயிரவரை இருவருமே காணவில்லை.

நம்மால் ஆவது

குறை கூறி முடிப்பது எளிது. சங்கத்து அன்பர்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது. இணையவழிப் படங்களில் அடியெழுத்துகளைத் தமிழில் வைக்க வசதி இருக்கும் இடங்களில் அதனை வைத்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் செலவின்றி வரும். படம் முடிந்தபின் “பிடித்ததா?” என்று கேட்டு விட்டுவிடாமல், “அவர் என்ன வேலை பார்க்கிறார்? சம்பளம் போதுமா? அவர் பேசியது எந்த ஊர்த் தமிழ்?” என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை சொல்லும் விடை பல பத்திரிகை விமர்சனங்களைத் தோற்கடிக்கும்.

அடுத்தது, மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இங்கேயும் உள்ள சங்கங்கள், பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் பட்டிமன்றம் நடத்துவதோடு, திங்கள்தோறும் ஒரு நல்ல படத்தைத் திரையிட்டு ஒரு மணி நேரம் விவாதிக்கலாம். ‘டோம்பிவிலி ஃபாஸ்ட்’ படத்தையும் ‘எவனோ ஒருவன்’ படத்தையும் அடுத்தடுத்த வாரங்களில் காட்டி, மராத்திய அண்டை வீட்டாரையும் அழைத்தால், அந்த ஒரு மாலை பல சமரசக் கூட்டங்களுக்கு ஈடாகும்.

மூன்றாவதாக, எவரும் எடுக்காத அந்தப் படத்துக்கு வேண்டிய பொருளை நாமே சேர்க்கத் தொடங்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் காமிரா உள்ள கைப்பேசி இருக்கிறது. பாட்டனாரும் ஆச்சியும் எந்த ஆண்டு, எந்த வண்டியில் வந்து இறங்கினார்கள், முதல் இரவு எங்கே படுத்தார்கள், முதற்கூலி எவ்வளவு, முதன்முதலாகப் பேசிய இந்திச் சொல் எது என்று பேரப்பிள்ளைகள் கேட்டுப் பதிவு செய்யட்டும். மேலே குறிப்பிட்ட ஆச்சியின் பேரன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். சென்ற தீபாவளி விடுமுறையில் அவரை உட்காரவைத்து அவன் இப்படித்தான் பதிவு செய்தான். பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் ஒன்றரை மணி நேரம் பேசினாராம் அந்த அம்மையார். அவருடைய இந்தியை அவன் திருத்தவில்லை.